குந்தி எழும்ப ஒரு கால்

எலும்பு வார்டுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது ஒருவர் "மிஸ்ஸி, பெட்பேன்!" என்று கத்தினார். இன்னொருவர் பிளாஸ்டர் போட்ட காலைக் காட்டி, "மிஸ்ஸி, உள்ளுக்கு அரிக்குது, ஒரு ஈர்க்கு எடுத்துத் தாங்க" என்றார். மிஸ்ஸி என்றால் எங்கள் பக்கத்தில் தாதி. நான் தாதி இல்லை, டொக்டர் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. பொம்பிளை டொக்டர் என்றால் பிள்ளைப்பேறு வார்டில் அல்லவா இருக்கவேண்டும், இங்கே என்ன வேலை என்று அவர்கள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே சந்தேகம்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாத்தளை மாவட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் எலும்பு முறிவுக்கென்று தனி வார்டு திறந்து, அங்கே எலும்புச் சத்திரசிகிச்சை பழகுவதற்கு இளம் டொக்டர்களை வைப்பதென்று மேலே யாரோ தீர்மானித்திருந்தார்கள். அந்த இளம் டொக்டர்கள் என்பது நான் ஒருத்திதான். எனக்கு முன்னால் யாரும் பழகவில்லை, அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. எவ்வளவு காலம், என்ன பரீட்சை, எல்லாம் முடிந்தபிறகு நான் யார் என்று எவரைக் கேட்டாலும் "அதெல்லாம் பின்னால சொல்லுவாங்க" என்றார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்பார்களே, அதை நான் அந்த வார்டில்தான் அனுபவித்தேன்.

வார்டின் நிலைமையும் என் நிலைமைதான். கப்பி வந்திருந்தது, கயிறு வரவில்லை. கயிறு வந்தபிறகு பார்த்தால் எடைக்கல் இல்லை. கடைசியில் மதில் கட்டுவதற்காக இறக்கி வைத்திருந்த செங்கல்லை எடுத்து, துணிப்பையில் போட்டு, நோயாளிகளின் காலிலிருந்து தொங்கவிட்டோம். மதில் கட்ட வந்த கொத்தனார் பாஸ் ஒவ்வொரு நாளும் யன்னலில் எட்டிப் பார்த்து, அம்மணி என்பதற்குச் சிங்களத்தில் சொல்வதுபோல, "எப்ப நோனா என் கல்லு திரும்பி வரும்?" என்று கேட்டுவிட்டுப் போவார். எலும்பு பொருந்தினால் வரும் என்பேன்.

வீட்டில் அம்மாவுக்கு இதெல்லாம் சிரிப்பு. மாத்தளை டவுனில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடைக்கு வருகிறவர்கள் மகள் என்ன டொக்டர் என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லக் கூச்சம். "ஊருல எத்தனை வியாதி இருக்கு, உனக்கு எலும்புதானா கெடச்சிச்சு? ஆம்பளைங்க காலைப் புடிச்சு இழுக்கிறதெல்லாம் ஒரு படிப்பாடீ?" என்பாள். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமோ என்று எனக்கும் தோன்றும். ஆனால் அதை அம்மாவிடம் சொன்னால் அவள் வென்றுவிடுவாள் என்பதற்காகவே சொல்லமாட்டேன்.

நாலந்தாப் பக்கத்திலிருந்து அந்த மனிதரை ஒரு மரக்கறி லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐம்பதை நெருங்கும் வயது. முஸ்லிம் குடும்பம், மிளகு, கறாம்பு என்று வாசனைச் சரக்கு விளையும் சிறு தோட்டம். கறாம்பு பறிக்க ஏறி, கிளை முறிந்து, விழுந்து, தொடை எலும்பு நடுவில் இரண்டாகிவிட்டது. வலியில் முகம் வெளுத்துக் கிடந்த மனிதர், நான் காலைத் தொட்டுப் பார்த்தபோது முதலில் கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

"டொக்டர் நோனா, இது மடங்குமா? கீழ குந்தி எழும்ப ஏலுமா?"

நடக்கமுடியுமா என்று கேட்பார்கள், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்பார்கள். இவர் கேட்டது இது. நான் டொக்டர் என்று கேள்வியில்லாமல் ஒப்புக்கொண்ட முதல் நோயாளியும் இவர்தான். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "பார்ப்போம் நானா" என்றேன். முஸ்லிம்களில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். டவுனில் அவர்களோடு அடுத்தடுத்த கடையில் வளர்ந்த எனக்கு அது வாயில் தானாக வரும்.

இங்கே என் தலைவலியைச் சொல்லியாகவேண்டும். எனக்கு மேலே இரண்டு பெரிய டொக்டர்கள். ஒருவர் கண்டியிலிருந்து வருவார், மற்றவர் குருநாகலிலிருந்து. வார்டு கண்டிக்காரருடையது. அவர் வரமுடியாத காலத்தில் குருநாகல்காரர் வந்து பார்ப்பார். இரண்டு பேரும் சீமையில் படித்தவர்கள், இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் கண்ணில் காட்டக்கூடாது.

தொடை எலும்பு முறிந்தால் தசை அதை மேலே இழுத்து, முறிந்த நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அதனால் முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பியைக் குத்தி, கயிறு கட்டி, எடை தொங்கவிட்டு, மாதக்கணக்கில் இழுத்து வைக்கவேண்டும். இதுவரைக்கும் இரண்டு பேருக்கும் சண்டையில்லை. அதற்குப் பிறகுதான் வழி பிரியும். முழுக் காலையும் நீட்டி இரும்புச் சட்டத்துக்குள் போட்டுக் கட்டு, எலும்பு ஒட்டும்வரை அசையவே கூடாது என்பார் கண்டிக்காரர். அப்படிச் செய்தால் எலும்பு கோடு கிழித்ததுபோல நேராக ஒட்டும், ஆனால் மாதக்கணக்கில் மடக்காத முழங்கால் பலபேருக்கு விறைத்துப்போகும். சட்டத்தைத் தூக்கி எறி, இழுவை மட்டும் போதும், ஆரம்பத்திலிருந்தே முழங்காலை மடக்கி நீட்டவிடு என்பார் குருநாகல்காரர். முழங்கால் பிழைக்கும், எலும்பு கொஞ்சம் கோணியோ குட்டையாகவோ ஒட்டலாம். நான் மனதுக்குள் ஒருவருக்கு "அசையாதே" என்றும் மற்றவருக்கு "அசை" என்றும் பெயர் வைத்திருந்தேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த மத்தளம் நான்.

நானா வந்தபோது வார்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அசையாதே. இரும்புச் சட்டத்தில் காலைக் கட்டினோம். அடுத்த கட்டிலில் ரத்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்த ஓர் ஆள், அதே முறிவு, அதே சட்டம், அவர் இவருக்கு முன்னாலேயே வந்தவர். அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், எலும்பு அவ்வளவு நேர். ஆனால் கால் கழியாகிவிட்டது. நானா படுத்தபடியே தினமும் அந்தக் காலைப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி அதே கேள்வியைக் கேட்பார். "இது மடங்குமா நோனா?"

அந்த மனிதர் ஐவேளையும் தவறாமல் படுக்கையிலேயே தொழுவார். மல்லாந்து படுத்தபடி, தலையசைவாலேயே குனிந்து நிமிர்ந்து. அதைப் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: பள்ளிவாசலில் எல்லோரோடும் வரிசையில் இருந்து தொழ முடியாமல் போய்விடுமே என்ற கவலைதான் இவரைத் தின்கிறது. தாதிமாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆள் சாப்பிடுவதில்லை. பெண்சாதி ரொட்டியும் கட்டைச் சம்பலும் பெட்டியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவார். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிடுவார். தேத்தண்ணீர் வேண்டாம், பழம் வேண்டாம். அந்த அம்மா என்னிடம் வந்து அழுதார். "ஊட்டுல எப்புடித் தின்ட மனுசன் நோனா! என்னமோ நோவு இருக்கு, சொல்றாரில்ல, பாருங்களேன்." நான் வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். இரத்தம் எடுத்து அனுப்பினேன். பூச்சிமருந்துகூடக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை. எலும்பு ஒட்டச் சத்து வேண்டும் என்று கோபமாகவே சொன்னேன். "சரி நோனா, சரி" என்று தலையாட்டுவார். அடுத்த நாளும் அதே ஒரு துண்டு ரொட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் கண்டிக்காரர் நீண்ட லீவில் போனார். குருநாகல்காரர் வந்தார். வந்ததும் நானாவின் கட்டிலடியில் நின்று, "இதென்ன சிறைச்சாலை?" என்றார். சட்டத்தைக் கழற்றச் சொன்னார். மடக்குவதற்குத் தோதான கட்டில் எங்களிடம் இல்லை என்றேன். மெத்தை இருக்கிறதல்லவா என்றார். அப்படித்தான் அரசாங்கத்துத் தும்பு மெத்தை ஒன்றை நான் கத்தியால் குறுக்கே அறுத்தேன். இரண்டு பாதியையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தலைமாட்டுப் பக்கம் அடுக்கினோம். ஆள் அதன்மேல் இருந்தால் முழங்கால் விளிம்பில் வரும், அதற்குக் கீழே கால் தாழ்ந்து மடங்கலாம். கயிறும் செங்கல்லும் பழையபடி. மேட்ரன் வந்து அறுத்த மெத்தையைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "இதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அதுதான் எனக்கும் தெரியவில்லை.

முதல் நாள் நானாவின் முழங்கால் ஒரு விரற்கடை அளவு மடங்கியிருக்கும். வலியில் அவர் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. முறிந்த இடத்தில் எலும்பு நகர்கிறதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன், பயந்துபோனேன். ஐயோ, ஒட்டத் தொடங்கியதை நான் பிரிக்கிறேனா? ஆனால் அவர் என்னை நிறுத்தவிடவில்லை. மற்ற நோயாளிகளுக்குப் பயிற்சி செய் என்று தொண்டை கிழியக் கத்தவேண்டும். இவரோ ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் கையேந்தி துஆ கேட்டுவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலை மடக்க ஆரம்பித்துவிடுவார். பாங்கு சொன்னால் வார்டே அவர் காலைத்தான் பார்க்கும். வாரங்கள் போகப்போக கால் மடங்கிக்கொண்டே வந்தது. எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நான் ஒன்றும் விளங்காமல் நின்றேன். காலைக் காப்பாற்றுகிறேனா, கெடுக்கிறேனா?

லீவு முடிந்து கண்டிக்காரர் வந்தார். வார்டு சுற்ற வந்தவர் நானாவின் கட்டிலில் நின்றார். அறுத்த மெத்தையைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த காலைப் பார்த்தார். எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"யார் உன் கன்சல்டன்ட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும், சேர்" என்றேன். உண்மை அதுதானே? ஆனால் அது வாய்க்கொழுப்பாகத்தான் கேட்டிருக்கும். பின்னால் நின்ற தாதி தலையைக் குனிந்துகொண்டு இருமினாள்.

இப்போதே காலை நீட்டி மறுபடியும் சட்டத்தில் போடு என்றார். என் கை நகரவில்லை. ஒருவர் பூட்டு என்கிறார், ஒருவர் திற என்கிறார், நடுவில் ஒரு மனிதனின் கால். எனக்குள் இருந்த குழப்பம் முழுவதும் அந்த நிமிஷத்தில் கோபமாக மாறிவிட்டது. "சேர், இவர் தொழுகிறவர். முழங்கால் விறைத்தால் கீழே இருந்து தொழமுடியாது. நீங்களே அவரிடம் கேளுங்கள்" என்றேன். நோயாளியிடம் எந்த வைத்தியம் வேண்டும் என்று கேட்பதாவது! அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை.

பெரிய டொக்டர் கோபக்காரரே தவிரக் கெட்டவரில்லை. சிங்களவர். குரலைத் தணித்துக்கொண்டு நானாவிடம் சிங்களத்தில் பேசினார். உங்கள் மார்க்கத்தில் நோயாளி கீழே உட்காராமல் கதிரையில் இருந்து தொழலாம், நான் உங்கள் ஆட்களிடமே கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறேன், அதற்காகக் கவலைப்படவேண்டாம் என்றார்.

நானா கட்டில் சட்டத்தைப் பிடித்து நிமிர்ந்து நேராக இருந்தார். என்னைப் பார்த்தார், வெட்கப்பட்டார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பெரிய டொக்டரிடம் சிங்களத்திலேயே பதில் சொன்னார். எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"அது சரி சேர். கதிரையில இருந்து தொழுதா அல்லாஹ் பொறுத்துக்குவான். எங்கூட்டுக் கக்கூஸ் பொறுக்குமா? அங்க கதிரை இல்லையே. குந்தத்தானே வேணும்!"

அடுத்த கட்டில் ரப்பர் ஸ்டோர்க்காரர்தான் முதலில் வெடித்தார். அவரைத் தொடர்ந்து எல்லாக் கட்டிலும். அட்டெண்டன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானா சிரிக்கவில்லை. அவர் தொடர்ந்து பேசினார். இந்தப் பெட்பேன் தட்டில் என்னால் ஏலாது சேர், அடுத்த கட்டிலில் மனிதன் சாப்பிடுகிறான், நான் இங்கே படுத்துக்கொண்டு அதைச் செய்கிறதா? அதனால்தான் சாப்பிடுவதையே குறைத்துவிட்டேன். ஊருக்குப் போயும் பெண்சாதி பிள்ளைகள் என்னைத் தூக்கிப் பிடிக்கவேண்டும் என்றால் அந்தக் கால் எனக்கு என்னத்துக்கு? கொஞ்சம் நொண்டினால் நொண்டிக்கொள்கிறேன்.

எனக்குக் காது சுட்டது. பூச்சிமருந்து கொடுத்தேனே, பூச்சிமருந்து! நான் ஆணாக இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வார்? நாங்கள் படித்த புத்தகம் எல்லாம் கதிரையில் இருக்கிறவர்களின் நாட்டில் எழுதப்பட்டவை. கதிரையில் இருந்து எழும்புகிற கால் நல்ல கால் என்று அவை சொல்லும். அதைப் படித்த நாங்கள் மூன்று பேரும் வீட்டில் ஒவ்வொரு நாளும் காலையில் குந்திவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். வார்டுக்குப் பின்னால் இருந்ததும் குந்துகிற கக்கூஸ்தான். ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

பெரிய டொக்டர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. எக்ஸ்ரேயை என் கையில் திணித்தார். "இப்படியே விடு. ஆனால் குட்டையாகும், சொல்லிவிட்டேன்" என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்று மத்தியானமே நான் நானாவின் கட்டிலைச் சுற்றிப் பழைய படுக்கை விரிப்புகளால் திரை கட்டச் சொன்னேன். மேட்ரன் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளில் பெண்சாதி கொண்டுவந்த ரொட்டிப்பெட்டி காலியாகத் திரும்பியது.

இந்த இடத்தில் அசை டொக்டர் வென்றார், அசையாதே தோற்றார் என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. அதே வருஷம் வஹகோட்டைக்காரர் ஒருவருக்கு அதே மாதிரி மெத்தை அடுக்கி, அதே மாதிரி மடக்கவைத்தேன். அவருடைய எலும்பு ஒட்டவே மறுத்துவிட்டது. கண்டிக்காரர்தான் அவரைத் தன் முறையில் கட்டிப்போட்டுக் காப்பாற்றினார். எந்தக் காலுக்கு எது சரி என்று முன்கூட்டியே சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. இவ்வளவு காலம் இதே வேலையைச் செய்த பிறகும், தெரியும் என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

நானா வீட்டுக்குப் போய்ச் சில மாதம் கழித்து கிளினிக்குக்கு வந்தார். கையில் ஒரு தடி, பக்கத்தில் பெண்சாதி. அன்று கண்டிக்காரர் இருந்தார். நானாவை மேசையில் படுக்கவைத்து, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இரண்டு காலையும் அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த அங்குலத்தை நான் திருடி என் பைக்குள் வைத்திருப்பதுபோல இருந்தது அவர் பார்வை. குட்டை குட்டைதானே.

நானா மேசையிலிருந்து இறங்கிச் சாரத்தைச் சரிசெய்துகொண்டார். "சேர், கொஞ்சம் வெளிய போய்ட்டு வரவா? பஸ்ஸில வந்தது" என்றார். பெண்சாதி கூடப்போக எழும்பினார். "நீங்க இருங்க" என்று அவரைத் தடுத்துவிட்டு, தடியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, நொண்டி நொண்டி வார்டுக்குப் பின்பக்கம் போனார்.

நான் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று தெரியாது, கால் போயிற்று. திரும்பிப் பார்த்தால் பெரிய டொக்டரும் வந்துகொண்டிருந்தார், அளவு நாடா இன்னும் கையில். கக்கூஸ் கதவு மூடியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி, வாழைமரத்தடியில், சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களைப்போல நின்றோம். அந்தப் பக்கம் போன அட்டெண்டன் எங்களைப் பார்த்து ஒரு மாதிரியாகப் போனான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. விழுந்துவிட்டாரோ? கூப்பிடலாமா? ஒரு டொக்டர் அந்தக் கதவைத் தட்டலாமா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. நானா கதவு நிலையைக்கூடப் பிடிக்காமல் தானாக வெளியே வந்தார். எங்களை அங்கே கண்டதும் திடுக்கிட்டார். பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. இந்தமுறை என்னைப் பார்த்து வெட்கப்படவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். ஏலுது நோனா" என்றார். "தனியாவே ஏலுது."

கக்கூஸ் வாசலில் நின்று அழுத டொக்டர் என்று யாராவது என்னைப் பற்றிச் சொன்னால் அது பொய்யில்லை. பெரிய டொக்டர் எங்கள் இருவரையும் பார்க்காமல் அளவு நாடாவைச் சுற்றிச் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த நோயாளியைக் கூப்பிடு என்றார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கூப்பிட்டேன்.